செயின்சாவை வீட்டிலேயே பிரித்துக் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் சாய்ந்த தென்னைகளை அறுத்து அகற்றுவதற்காகப் பலர் முதன்முறையாகப் பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பமான செயின்சாவை வாங்கினார்கள். என் மேசைக்கு வரும் இயந்திரங்களில் கணிசமானவை அந்தக் காலத்தில் வாங்கப்பட்டவை. கொண்டுவருகிறவர்களும் தொலைபேசியில் கேட்கிறவர்களும் எழுப்புகிற ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே வைத்து விடைகளைத் தொகுத்திருக்கிறேன். தயாரித்த நிறுவனமே விற்பதைக் 'கம்பெனி உதிரி' என்றும் மற்றவர்கள் அதே அளவில் செய்து விற்பதை 'மாற்று உதிரி' என்றும் குறிப்பிடுகிறேன்.

மிஷின் ஜாம் ஆயிடுச்சு. சரி பண்றது லாபமா, புதுசு வாங்குறது லாபமா?

கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு), கிராங்க் கேஸ் (அதைத் தாங்கும் கூடு), ஆயில் பம்ப், செயின் பிரேக் ஆகிய நான்கும் நன்றாக இருந்தால் பெரும்பாலும் சரிசெய்வதே லாபம். பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்து மாறுவதற்காகவே உள்ள பொருள்கள். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு, மேல்கீழாக ஆட்டம் இருந்தால் கிராங்க் போய்விட்டது. பெயர் தெரியாத மலிவான இயந்திரத்தில் கிராங்க் போய்விட்டால் அதை உதிரிக்காக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பிஸ்டன் கிட்டை வாங்கி மாட்டினா முடிஞ்சுது, அப்படித்தானே?

பிஸ்டனும் சிலிண்டரும் சேர்ந்து வரும் கிட்டை மாட்டினால் போதும் என்ற இந்த எண்ணத்தினால்தான் ஒரே இயந்திரம் ஆறு மாதத்தில் இரண்டாம் முறை என்னிடம் வருகிறது. பிஸ்டன் தானாகக் கெடுவதில்லை, ஏதோ ஒன்று அதைக் கெடுக்கிறது. அந்தக் காரணத்தை உள்ளேயே விட்டுவிட்டுப் புது கிட்டை மாட்டினால் புதியதும் அதே வழியில் போகும்.

சைலன்சரைக் கழற்றி, வெளியேற்றத் துளை வழியாக விளக்கடித்து பிஸ்டனைப் பாருங்கள். அந்தப் பக்கம் மட்டும் செங்குத்தாகக் கீறல் விழுந்து அலுமினியம் இழுபட்டிருந்தால் பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் எரிந்து சூடேறியிருக்கிறது. ஆயில் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றி அடைக்கும் வளையம்), கார்புரேட்டர் ரப்பர், இம்பல்ஸ் குழாய் (கிராங்க் கேஸின் அழுத்தத் துடிப்பைக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோவது), பெட்ரோல் குழாய் ஆகியவற்றில் ஒன்று காற்று இழுத்திருக்கும். பிஸ்டனைச் சுற்றி எல்லாப் பக்கமும் கீறியிருந்தால் எண்ணெய் கலக்காத பெட்ரோல் ஊற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். கார்புரேட்டர் பக்கம் மட்டும் சாம்பல் நிறத்தில் மணல்தாள் தேய்த்ததுபோல் மங்கியிருந்தால் ஏர் ஃபில்டர் தூசியை உள்ளே விட்டிருக்கிறது.

வீட்டுல என்னென்ன டூல் வேணும்?

டி27 நட்சத்திர முனை கொண்ட நீளமான டி-கைப்பிடி, பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), வெர்னியர் (விட்டம், தடிமன் அளக்கும் கருவி), கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டர் அழுத்தம் அளக்கும் மீட்டர்), ஒரு ஹீட் கன் (சூடான காற்று அடிக்கும் கருவி) ஆகியவை இருந்தால் பெரும்பாலான வேலைகள் முடியும்.

கிளட்ச்சைக் கழற்றும்போது பிஸ்டனை நிறுத்த இரும்புத் துண்டை விடாதீர்கள். முடிச்சிட்ட ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிளக் துளை வழியாகத் திணித்தால் போதும். ஆனால் பிஸ்டன் மேலேறி வெளியேற்றத் துளையை மூடிய பிறகே கயிற்றை விட வேண்டும், இல்லாவிட்டால் கயிறு துளைக்குள் சிக்கிக்கொள்ளும். கிளட்ச்சின் மரை எதிர்த்திசை மரை என்பதால் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் கிளட்ச்சை உடைத்தவர்களை எண்ண என் விரல்கள் போதாது.

ஆர்எக்ஸ் 100-க்கு லேத்துல போர் அடிச்சு ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவோமே, அதே மாதிரி இதுக்கும் போடலாமா?

போட முடியாது. யமஹாவின் பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்கான ஆர்எக்ஸ் 100-இன் சிலிண்டருக்குள் வார்ப்பிரும்புச் சட்டை இருக்கிறது. அதைக் கடைந்து பெரிதாக்கலாம். செயின்சாவின் சிலிண்டர் முழுவதும் அலுமினியம். அதன் உட்சுவரில் குரோம் அல்லது நிக்கல்-சிலிக்கன் கார்பைடு பூச்சு, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூடப் பெரும்பாலும் எட்டாத தடிமனில் பூசப்பட்டிருக்கிறது. லேத்தில் கடைந்தால் அந்தப் பூச்சு போய், வெறும் அலுமினியத்தில் அலுமினிய பிஸ்டன் உரசும். பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் கைதேர்ந்த மெக்கானிக்குகளே இதில் தவறுவதற்குக் காரணம், மற்ற எல்லாம் ஒன்றுபோல இருந்து இது ஒன்று மட்டும் வேறாக இருப்பதுதான்.

சிலிண்டர் சுவருல கோடு கோடா இருக்கு. தூக்கிப் போடணுமா?

நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். பல நேரங்களில் கோடாகத் தெரிவது, பூச்சின் மேல் ஒட்டிய பிஸ்டன் அலுமினியம்தான். மெல்லிய பஞ்சுக் குச்சியில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தொட்டு, ஒட்டிய இடத்தில் மட்டும் தடவினால் நுரைத்துக் கரையும். நுரை நின்றதும் நீரில் கழுவி, உலர்த்தி, நுண்ணிய மணல்தாளால் குறுக்குவாட்டில் லேசாகத் தேய்த்து எண்ணெய் பூச வேண்டும். இதைத் திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, மற்ற உதிரிகளையும் கருவிகளையும் அந்தப் புகை படாத தொலைவில் வைத்துவிட்டுச் செய்யுங்கள். அமிலம் துளைகளின் விளிம்புக்குள் வழிந்தால் அங்குள்ள வெறும் அலுமினியத்தையும் தின்றுவிடும்.

கழுவிய பிறகும் நகம் சிக்கினாலோ, பூச்சு உரிந்து வேறு நிறம் தெரிந்தாலோ அந்தச் சிலிண்டர் பயன்படாது. சிறிது கோடு எஞ்சி, நகம் சிக்காமல் இருந்தால் தயங்காமல் பயன்படுத்தலாம். கழுவிய பழைய கம்பெனி சிலிண்டருடன் நல்ல மாற்று பிஸ்டனைப் போடுவது, மலிவான முழு கிட்டைப் போடுவதைவிட மேலானது என்பது என் கணிப்பு.

எதை ஒரிஜினலா வாங்கணும், எதுல டூப்ளிகேட் போட்டாலும் பரவாயில்லை?

முதலில் ஒரு திருத்தம்: மாற்று உதிரி வேறு, போலி உதிரி வேறு. இத்தாலியின் மீட்டியோர் பிஸ்டனும் கேபர் ரிங்கும் தங்கள் சொந்தப் பெயரிலேயே விற்கப்படுகிற மாற்று உதிரிகள், தரமானவையும்கூட. சீனாவின் ஃபார்மர்டெக் நிறுவனம் ஜெர்மனியின் ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 660 என்ற பெரிய செயின்சாவுக்குப் பொருந்தும் முழு இயந்திரத்தையே உதிரிகளாகப் பெட்டியில் போட்டு விற்கிறது. அதுவும் ஒளிவுமறைவில்லாத வியாபாரம்தான். கம்பெனியின் பெயரையும் பெட்டியையும் நகலெடுத்து விற்பதுதான் போலி. அதில் எதையும் நம்ப முடியாது.

பணத்தை எங்கே போடுவது என்றால், மக்கள் செய்வதற்கு நேர்மாறாக, மலிவான பொருள்களில்தான் கம்பெனி உதிரியை வற்புறுத்துவேன். ஆயில் சீல், இம்பல்ஸ் குழாய், பெட்ரோல் குழாய், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலான ரப்பர், டேங்க் மூச்சுக்குழல் ஆகியவை சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். இவற்றில் ஒன்று காற்று இழுத்தால் பல ஆயிரம் ரூபாய் கிட் போய்விடும். கிராங்க் பேரிங்கும் பிஸ்டன் பின்னுக்கான ஊசி பேரிங்கும் அப்படியே. பிஸ்டன் பின்னைக் கழலாமல் பிடிக்கும் கிளிப்பைப் பொறுத்தவரை, மாற்று கிட்டுடன் வருவதை எறிந்துவிட்டுக் கம்பெனி கிளிப் போடுங்கள். ஒரு கிளிப் கழன்றால் சிலிண்டர் முழுவதும் வீண். செயின் பிரேக்கின் பட்டையையும் ஸ்பிரிங்கையும் மாற்று உதிரியில் வாங்கவே கூடாது, அது உங்கள் முகத்துக்கும் சங்கிலிக்கும் நடுவில் இருக்கும் பொருள்.

கைப்பிடி, மூடிகள், ஸ்டார்ட்டர் கூடு, ஏர் ஃபில்டர் மூடி, பம்பர் முள், சைலன்சர் ஆகியவற்றில் மாற்று உதிரி தாராளமாகப் போடலாம். கார்புரேட்டர் விஷயத்தில் வால்ப்ரோ அல்லது சாமா நிறுவனத்தின் பழைய கார்புரேட்டர் உடையாமல் இருந்தால், அதைக் கழுவி டயாஃப்ராம் (உள்ளே உள்ள மெல்லிய சவ்வு) கிட் மட்டும் மாற்றுவது புது மாற்று கார்புரேட்டரைவிட நம்பகமானது.

பிஸ்டன் மாட்டும்போது எதைக் கவனிக்கணும்?

பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் பள்ளத்திலுள்ள சிறு பின்னுக்கு நேராக ரிங்கின் வாய் வர வேண்டும். ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனால் சமமாகத் தள்ளி, வாயின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். 50 மில்லிமீட்டர் சிலிண்டருக்கு 0.2 மில்லிமீட்டர் அளவு பொருத்தமானது. கிளிப்பின் திறந்த வாய் மேலே அல்லது கீழே பார்க்க வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் பிஸ்டன் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கிளிப் சுருங்கி விரிந்து கழல வழியாகும்.

மாற்று சிலிண்டரானால் துளைகளின் விளிம்பை விரலால் தடவுங்கள். கூர்மையாக இருந்தால் நுண்ணிய மணல்தாளால் லேசாகச் சரிவு கொடுங்கள், இல்லையேல் ரிங் சிக்கும்.

ஏர் இழுக்குதான்னு வீட்டுலயே எப்படிச் சோதிக்கிறது?

கிட் மாட்டுவதற்கு முன்பும் மாட்டிய பின்பும் இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் எந்த இயந்திரத்தையும் ஸ்டார்ட் செய்வதில்லை. சைலன்சருக்கும் சிலிண்டருக்கும் நடுவே சைக்கிள் டியூப் ரப்பரை வைத்து இறுக்குங்கள். கார்புரேட்டர் பக்கத்தையும் அவ்வாறே அடையுங்கள். பிளக் துளையில் குழாய் பொருத்தி, பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள். அப்போதுதான் சிலிண்டரையும் கிராங்க் கேஸையும் இணைக்கும் பக்கத் துளைகள் திறந்து கிராங்க் கேஸும் சோதனைக்குள் வரும். பிறகு 0.5 பார் அழுத்தம் ஏற்றுங்கள். 20 விநாடி இறங்காமல் நிற்க வேண்டும். பம்ப் இல்லாதவர்கள் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பல்பையும் மீட்டரையும் பயன்படுத்தலாம். அதில் 300 என்பது சுமார் 0.4 பார். இறங்கினால் சோப்பு நுரையைப் பூசி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

அழுத்தத்தில் தேறியதும் நிறுத்திவிடாதீர்கள். ஆயில் சீலின் உதடு உள்ளிருந்து வரும் அழுத்தத்தில் தண்டோடு ஒட்டிக்கொள்ளும், உறிஞ்சும்போதுதான் விலகும். ஆகவே பிரேக் ஆயில் உறிஞ்சும் கைப்பம்பினால் 0.5 பார் வெற்றிடம் ஏற்படுத்தி, கிராங்க்கை மெல்லச் சுற்றியபடி பாருங்கள். 20 விநாடியில் 0.3 பாருக்குக் கீழே வந்துவிட்டால் சீலை மாற்றியாக வேண்டும். அழுத்தச் சோதனையில் தேறி வெற்றிடச் சோதனையில் தோற்ற இயந்திரங்களே நான் பார்த்ததில் அதிகம்.

எம்எஸ் 180-ஐப் பிரிச்சேன், சிலிண்டருக்கு அடியில கேஸ்கெட்டே இல்லையே?

இருக்காது. ஸ்டில்லின் சிறிய செயின்சாக்களான எம்எஸ் 180, எம்எஸ் 250 போன்றவற்றில் சிலிண்டரும் அடித்தட்டும் சிப்பியின் இரு ஓடுகள்போல கிராங்க்கைக் கவ்விக்கொள்ளும். நடுவில் சூடு தாங்கும் சீலன்ட் மட்டுமே. பழைய சீலன்ட்டை முழுவதும் நீக்கி, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, மெல்லிய கோடாக இட்டு, மேலே சொன்ன சோதனையைச் சீலன்ட் காய்ந்த பிறகே செய்யுங்கள். இந்த வகையில் ஆயில் சீலை மாற்ற இயந்திரம் முழுவதையும் பிரித்தாக வேண்டும் என்பதால், ஒருமுறை திறந்தால் சீலையும் பேரிங்கையும் மாற்றாமல் மூடாதீர்கள்.

பெரிய மிஷின்ல பேரிங் ஏறவே மாட்டேங்குது. சுத்தியலால தட்டலாமா?

தட்டக் கூடாது. கிராங்க் கேஸை ஹீட் கன்னால் நன்றாகச் சூடாக்கி, பேரிங்கை ஃப்ரீசரில் இரவு முழுவதும் வைத்திருந்தால் தானாக இறங்கும். பெரிய செயின்சாக்களின் கிராங்க் கேஸ் பெரும்பாலும் மெக்னீசியம் கலவை; ஆகவே கேஸ் அடுப்புச் சுடரையோ வெல்டிங் டார்ச்சையோ காட்டாதீர்கள். அதை அராவிய தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுவது தீயை மேலும் வளர்க்கும்.

ஒரு லிட்டருக்கு எவ்வளவு 2டி ஆயில்? பங்கு பெட்ரோல் சரிப்படுமா?

பெட்ரோலில் கலக்கும் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயில் (2டி) 50-க்கு 1 என்பது லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்பது 40 மில்லி. காற்றால் குளிரும் இயந்திரத்துக்கான ஜேஏஎஸ்ஓ எஃப்டி (ஜப்பானியத் தரக் குறியீடு) தர எண்ணெயை 50-க்கு 1 கலக்கலாம். புது கிட்டின் முதல் இரண்டு மூன்று டேங்குக்கு 40-க்கு 1, அதாவது 25 மில்லி கலப்பது என் வழக்கம். அதிக எண்ணெய் என்றால் அதிகப் பாதுகாப்பு என்று கண்மூடித்தனமாக ஊற்றினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைந்து, காற்று மிகுந்த கலவையாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பல செயின்சாக் கையேடுகள் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்பதில்லை. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கிறது, பழைய டயாஃப்ராமையும் குழாயையும் கெடுக்கிறது. அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய திருகு அமைப்பில் கலவை மெலிந்துவிடுகிறது. எனவே டியூனைச் சற்றுப் பெட்ரோல் கூட்டியே வைத்து, வேலை முடிந்ததும் டேங்கைக் காலிசெய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

கார்புரேட்டர் ஸ்க்ரூவை எவ்வளவு திறக்கணும்?

பல இயந்திரங்களுக்கு எல் (குறைந்த வேகக் கலவைத் திருகு), எச் (உச்ச வேகக் கலவைத் திருகு) இரண்டையும் மெல்ல இறுதிவரை மூடி ஒரு சுற்று திறப்பது தொடக்கப் புள்ளி. நன்றாகச் சூடான பிறகு, ஐடில் (ரேஸ் கொடுக்காதபோது ஓடும்) வேகம் எங்கே உச்சமாகிறதோ அந்த இடத்துக்கு எல் திருகைக் கொண்டுவந்து, அங்கிருந்து சற்றே திறந்து, ரேஸ் கொடுத்தால் தடுமாறாமல் ஏறும்படி வையுங்கள். அதன்பின் ஐடில் திருகைக் குறைத்துச் சங்கிலி நிற்கும்படி செய்யுங்கள்.

எச் திருகைக் காதால்தான் வைக்க வேண்டும். சில விநாடி முழு ரேஸில், சுமை இல்லாதபோது ஒலி தெளிவாகக் கிறீச்சிடாமல் 'பற பற' என்று சற்று உடைந்து வர வேண்டும். மரத்தில் இறக்கியதும் அந்த உடைசல் மறைந்து ஒலி தெளிய வேண்டும். மரத்திலும் உடைந்தால் பெட்ரோல் அதிகம், வெளியிலேயே தெளிந்தால் பெட்ரோல் குறைவு. காதில் நம்பிக்கை இல்லாதவர்கள் பிளக் வயரில் சுற்றும் டேக்கோமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். எம்எஸ் 250 போன்றவற்றுக்கு உச்ச வேகம் நிமிடத்துக்கு 14,000 சுற்று, ஐடில் 2,800.

ஓர் எச்சரிக்கை. சில காயில்கள் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் தீப்பொறியை வெட்டிவிடும். அந்த ஒலியும் பெட்ரோல் மிகுதியின் உடைசல்போலவே கேட்பதால், 'இன்னும் பெட்ரோல் அதிகம்' என்று எண்ணித் திருகை மூடிக்கொண்டே போய் பிஸ்டனை எரித்தவர்கள் உண்டு. அத்தகைய காயிலில் டேக்கோமீட்டர் இல்லாமல் எச் திருகைத் தொட வேண்டாம்.

மேல ஸ்டிக்கர்ல 58 சிசின்னு இருக்கு. உண்மையா? பெரிய போர் கிட் போட்டா எவ்வளவு கூடும்?

ஸ்டிக்கரை நம்பாமல் வெர்னியரை நம்புங்கள். சிலிண்டரின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கி, பிஸ்டன் நகரும் தூரத்தாலும் பெருக்கி, 1,000-ஆல் வகுத்தால் சிசி வரும், எல்லா அளவும் மில்லிமீட்டரில். எம்எஸ் 660-க்கு விட்டம் 54, நகரும் தூரம் 40, கணக்கிட்டால் 91.6. அதற்கே 56 மில்லிமீட்டர் கிட் போட்டால் 98.5.

அதாவது கூடுவது ஏழரை சதவீதம். அந்த ஆதாயத்துக்காகக் கம்பெனி சிலிண்டரை எடுத்துவிட்டு, துளை வடிவம் எப்படியிருக்கும் என்று தெரியாத ஒன்றைப் போடுவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. பழைய சிலிண்டர் ஏற்கெனவே வீணாகிப்போனவர்களுக்கு அது வேறு கணக்கு.

அடி கேஸ்கெட்டை எடுத்துட்டா பவர் கூடும்கிறாங்களே?

பெரும்பாலும் கூடும், ஆனால் அளக்காமல் எடுக்கக் கூடாது. சாலிடரிங் ஈயக் கம்பியைப் பிளக் துளை வழியாகச் சிலிண்டர் சுவரைத் தொடும்வரை விட்டு, பின்னின் திசையில் இருபுறமும், பிஸ்டனை ஒருமுறை உச்சியைக் கடக்கச் செய்து, நசுங்கிய முனையை அளங்கள். 1.1 மில்லிமீட்டர் இருந்து கேஸ்கெட்டின் தடிமன் 0.5 என்றால், எடுத்தபின் 0.6 மிஞ்சும், அது பாதுகாப்பானது. 0.5-க்குக் கீழே போனால் சூட்டில் விரியும்போது பிஸ்டன் தலையில் இடிக்கும்.

சிலிண்டர் கீழிறங்குவதால் வெளியேற்றத் துளை சற்றுத் தாமதமாகவும், கார்புரேட்டர் பக்கத் துளை சற்று முன்னதாகவும் திறக்கும். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது அதன் பாவாடையின் (கீழ்ச்சுவரின்) அடிவிளிம்பு வெளியேற்றத் துளையின் தரைக்கு மேலே ஏறிவிடுகிறதா என்று பாருங்கள். ஏறினால் கேஸ்கெட்டைத் திரும்பப் போடுங்கள். எடுத்த இடத்தில் சீலன்ட் இட்டு, காற்றுச் சோதனையை மறுபடியும் செய்தாக வேண்டும்.

சைலன்சரைத் துளை போட்டுத் திறக்கலாமா?

திறந்தால் இயந்திரம் எளிதாக மூச்சு விடும், அதே காரணத்தால் கலவை மெலியும். எச் திருகைச் சரிசெய்ய முடியாத இயந்திரத்தில் இதைச் செய்யவே கூடாது. துளையை வெளியேற்றத் துளையின் பரப்பைவிடப் பெரிதாக்குவதில் ஒலியைத் தவிர வேறு லாபமில்லை. தீப்பொறி தடுக்கும் வலையை எடுக்காதீர்கள். கோடையில் சருகு மேல் வைத்து ஸ்டார்ட் செய்கிற ஊர் நம்முடையது. அமெரிக்கா போன்ற நாடுகளில் புகைக் கட்டுப்பாட்டு அமைப்பில் கைவைப்பது சட்டப்படி குற்றம் என்பதையும், அங்கே இருக்கும் உறவினருக்கு யோசனை சொல்பவர்கள் அறிந்திருப்பது நல்லது.

டிரெமல் வெச்சுத் துளைகளைப் பெருசாக்குறதை வீடியோவுல பார்த்தேன்...

அந்தக் கைச் சுழல் அரவைக் கருவியில், வீணாகிப்போன ஒரு சிலிண்டரை வைத்துப் பழகிய பிறகு கேளுங்கள். வெளியேற்றத் துளையின் அகலம் சிலிண்டர் விட்டத்தில் 65 முதல் 70 சதவீதத்தைத் தாண்டினால் ரிங் துளைக்குள் புடைத்துச் சிக்கும் அபாயம் உண்டு.

இதைக் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது கூரான சங்கிலி. கருவேலத்தை அறுத்து மழுங்கிய பல்லோடு எந்த இயந்திரமும் 'பவர் இல்லாத' இயந்திரமாகவே தெரியும். 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரத்தால் தீட்டி, பல்லுக்கு முன்னுள்ள மேட்டை 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக வைத்துவிட்டு மறுபடி அறுத்துப் பாருங்கள்.

ஏழு பல் ஸ்புராக்கெட்டை எட்டாக்கினா?

ஸ்புராக்கெட் என்பது சங்கிலியைச் சுற்றும் பற்சக்கரம். எட்டாக்கினால் சங்கிலி வேகம் 14 சதவீதம் கூடும், இழுக்கும் வலு 12.5 சதவீதம் குறையும். சிறிய பாருடன் (சங்கிலி ஓடும் தட்டுடன்) மென்மையான மரத்துக்குப் பொருந்தும். நீள பாரில் புளியையோ கருவேலத்தையோ அறுப்பவர்களுக்கு ஏழே நல்லது.

எல்லாம் சரியாக் கட்டிட்டேன். காலையில ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆகுது, சூடானதும் நின்னா திரும்ப வரமாட்டேங்குது. ஏன்?

நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, உடனே ஸ்டார்ட் ஆனால் டேங்க் மூச்சுக்குழல் அடைத்திருக்கிறது. பெரிதாக நாம் பார்க்காத பொருள் அது. கம்பெனி உதிரியாக வாங்கச் சொன்ன பட்டியலில் அதைச் சேர்த்ததற்கு இதுவே காரணம்.

மூடி திறந்தும் வராவிட்டால், பிளக்கைக் கழற்றி, பெட்ரோலிலிருந்து விலக்கி, தீப்பொறியைச் சோதியுங்கள். குளிர்ந்திருக்கும்போது வந்து சூட்டில் மறையும் பொறி என்றால் காயில் போய்விட்டது. மாற்றும்போது காயிலுக்கும் மேக்னெட்டுக்கும் நடுவே விசிட்டிங் கார்டு அளவுக்கு, அதாவது 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். பொறியும் இருக்கிறது என்றால் சூடாக இருக்கும்போதே கம்ப்ரஷன் எடுங்கள். 150 பிஎஸ்ஐ சுற்றிக் காட்ட வேண்டியது 110-க்குக் கீழே நின்றால், கிட் மாட்டியபோது ரிங்கின் இடைவெளியை அளந்தீர்களா என்றுதான் நான் அடுத்துக் கேட்பேன்.